கைக்குழந்தையோடு கருத்தரங்குக்கு

பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டால் மேல்படிப்பு அவ்வளவுதான் என்று எங்கள் போளூரில் மட்டுமா சொல்கிறார்கள்? டவுனிலும் அதே பேச்சுதான். கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா மகளுக்கும் அந்த நிலைமை வந்தது. கல்வியியலில் பி.எச்டி. செய்கிறாள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் எந்தெந்த நாட்களில், எதனால் பள்ளிக்கு வருவதில்லை என்பதுதான் ஆராய்ச்சி. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி எங்கள் ஊருக்கு பஸ்ஸில் வந்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாள் நாளாகக் குறித்துக்கொண்டு போவாள். பூண்டு எடுக்கிற நாட்களில் வருகை குறைவு என்று கண்டுபிடித்தாள். (இதை என்னைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன்!)

குழந்தை பிறந்ததும், "படிப்பை நிறுத்திவிடேன்" என்று புகுந்த வீட்டில் ஆரம்பித்தார்கள். அப்போதுதான் இந்த விவரம் தெரிய வந்தது. பி.எச்டி. செய்யும் பெண்ணுக்குப் படிப்புக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் விடுப்பு உண்டு. படிப்பை முடிக்கக் கூடுதலாக 2 வருஷமும் தருகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் போட்ட விதி இது. 2022-ன் புது விதியிலும் இருக்கிறது. மகளோ மருமகளோ படிக்கும் வீடுகளில் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விதிப்படி இரண்டு கருத்தரங்குகளிலாவது கட்டுரை வாசித்தாக வேண்டும். 2022-ல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. "அப்புறம் எதுக்கடி அலைச்சல்?" என்றேன். "நாலு பேர் கேள்வி கேட்டால்தான் சித்தி, நான் எங்கே கோட்டை விட்டேன்னு தெரியும்" என்றாள்.

மதுரையில் கருத்தரங்கு. குழந்தைக்கு 5 மாதம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாமே! பாலைச் சுத்தமாகப் பீய்ச்சி மூடி வைத்தால் குளிர்ச்சியான அறையில் 4 மணி நேரம் கெடாதுதான். ஆனால் மலையிறங்கிப் போய்த் திரும்ப, விடியற்காலை கிளம்பினாலும் இருட்டிவிடும். அதனால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

2015-லேயே நம் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள். அத்தனை பெரிய கல்லூரியில் அப்படி ஓர் அறை இல்லை. காலி வகுப்பொன்றில் கதவைச் சாத்திக்கொண்டு, நான் வாசலில் காவல்! பால் குடித்த கையோடு புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனாள். அவளுக்குக் கிடைத்தது பத்தே நிமிஷம். மாதக்கணக்கில் எண்ணியதையெல்லாம் அதற்குள் சொல்லி முடித்தாள்.

முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் எழுந்து கேட்டார்: "வராத பிள்ளைகளில் பெண் எத்தனை, ஆண் எத்தனை? தாய்மார்களைக் கேட்டீர்களா?" இவளிடம் பதில் இல்லை. முகம் சுண்டிப்போய்விட்டது. நான்தான் பயந்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போதே, "அடுத்த வாரம் உங்க வீட்டுக்கு வர்றேன் சித்தி" என்றாள்.

வந்தாள். பதிவேட்டைத் தொடவில்லை. வீடு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்தாள். மூன்றாம் வீட்டுக்காரி சொன்னாள்: "பையனை அனுப்பிடுவேன் கண்ணு. கைக்குழந்தையை பாலர்வாடியில விட முடியாதே, நான் தோட்டத்துக்குப் போனா பெரியவதானே தூக்கி வச்சுக்கணும்!" அதையே வேறு வேறு வார்த்தையில் இன்னும் சில தாய்மார்கள் சொன்னார்கள். பதிவேட்டில் வெறும் 'ஆப்சென்ட்' என்றுதானே இருக்கும்?

இப்போது பெண் பிள்ளைகளுக்கென்றே தனி அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த கருத்தரங்கு கோவையில். அதற்குள் குழந்தை பருப்பு சாதத்துக்குப் பழகியிருக்கும்.