எரிந்த குசினியும் அம்மாவின் பகிடிகளும்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தொடர்மாடியின் நான்காம் மாடியில், ஒரு நாள் இரவு ஏழரை மணியளவில் எங்கள் குசினி தீப்பிடித்தது. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் ஏற்பட்ட மின்ஒழுக்குத்தான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். புகை விறாந்தைக்கு வருவதற்குள் அம்மா கதவடியில் நின்றார். கையில் அந்தப் பை. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வலிகாமம் வடக்குக் காணியின் உறுதி எல்லாம் அதற்குள் இருக்கும். 1990 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து அது அவரின் தலைமாட்டில்தான் கிடக்கிறது.

மின்தூக்கியைத் தொடாமல் படியால் இறங்கி வீதிக்கு வந்தோம். ஐந்தாம் மாடி அன்ரி அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஏன் தூக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா பானையை எட்டிப் பார்த்தார். "நாங்கள் இத்தனை தரம் ஓடியிருக்கிறம், ஒருநாளும் சமைச்ச சோத்தோடை ஓடக் கிடைக்கேல்லை. நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்" என்றார். தீயணைப்பு வாகனத்தின் சத்தத்துக்கு நடுவே அன்ரி சிரித்தார். பிறகு அழுதார். பிறகு திரும்பவும் சிரித்தார்.

வீடு எரியும்போது ஒருவருக்குப் பகிடி எப்படி வருகிறது? அது கல்நெஞ்சமும் அல்ல, கிறுக்கும் அல்ல. ஆபத்து நேரத்தில் நிலைமை முழுவதும் எங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதை எப்படிப் பார்ப்பது என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது. பகிடி விடுபவர் அந்த ஒரு கணம் சம்பவத்துக்குள் நிற்காமல் சற்று வெளியே நின்று அதைப் பார்க்கிறார். நாஸி வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பிய வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், 1946 இல் வெளியான தன் நூலில் இதை விளக்குகிறார். முகாமில் தன்னோடு வேலை செய்த நண்பர் ஒருவரோடு அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். விடுதலைக்குப் பின் நடக்கக்கூடிய வேடிக்கைக் கதை ஒன்றை நாளுக்கு ஒன்றாவது இருவரும் கற்பனை செய்து சொல்லவேண்டும் என்பதே அது.

எங்களுக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் தலைக்கு மேல் இரைந்து சுற்றிய விமானத்துக்குச் சனம் 'சகடை' என்று பெயர் வைத்தது. வன்னியில் ஆளில்லா வேவு விமானம் 'வண்டு' ஆனது. ஒரு செல்லப்பெயரால் குண்டைத் தடுக்க முடியாது. ஆனால் பெயர் தெரியாத பயத்தை, வீட்டில் கதைக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்க முடிந்தது.

ஆனாலும் எல்லாப் பகிடியும் ஒன்றல்ல. கனடிய உளவியலாளர் ரொட் மார்ட்டினும் சகாக்களும் 2003 இல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பது, கஷ்டத்திலும் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சிரிப்பது, அடுத்தவரைக் குத்திச் சிரிப்பது, தன்னையே தாழ்த்திச் சிரிப்பது. முதல் இரண்டும் பொதுவாக மன நலத்தோடு சேர்ந்து போகின்றன. கடைசி வகை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்படுகிறது.

காலமும் முக்கியம். 2012 இல் அமெரிக்காவைத் தாக்கிய 'சண்டி' சூறாவளி பற்றிய பகிடிகளைச் சில ஆய்வாளர்கள் வெவ்வேறு நாட்களில் மக்களிடம் காட்டிப் பார்த்தார்கள். அழிவு தெரியவந்ததும் அவை ரசிக்கப்படவில்லை. சுமார் 36 நாட்களுக்குப் பிறகுதான் அதிகம் சிரிப்பு வந்தது. அதன்பின் அதுவும் குறைந்தது. இழப்பு மிகக் கிட்டத்தில் இருந்தால் நோகும், மிகத் தூரம் போனால் உறைக்காது. ஆனால் இது வெளியே நின்று பார்ப்பவர்களின் கணக்கு. வீட்டை இழந்தவர் முதல் நாளே சிரிக்கலாம். அவர் சிரிக்கும்வரை பக்கத்து வீட்டுக்காரர் பகிடி விடக்கூடாது.

நெருப்புக்குப் பிறகு ஒரு கிழமையாக அம்மா வீட்டைக் கலகலப்பாகவே வைத்திருந்தார். கனடாவிலிருந்து சித்தி எடுத்தபோது, "ஓம், சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. ஒரு தேத்தண்ணி குடுக்கக்கூட குசினியை மிச்சம் வைக்கேல்லை" என்றார். அம்மா தாங்கிக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

எட்டாம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். அம்மா கதவடிக் கதிரையில் செருப்போடு இருந்தார். மடியில் பை. "நித்திரை வரேல்லை" என்றார். கேட்டபோது, ஒரு நாளும் படுக்கவில்லை என்பது தெரிந்தது. புகை மணம் வந்தால் குசினி அல்ல, 2009 தான் ஞாபகம் வருகிறதாம். அந்த இரவு அம்மா பகிடி விடவில்லை. நானும் சிரிக்க வைக்க முயலவில்லை. விடியும்வரை பக்கத்தில் இருந்தேன்.

போரைக் கண்டவர்களுக்குச் சிறிய நெருப்பும் பழைய நெருப்புகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். பகிடி அந்தப் பாரத்தைச் சற்று இறக்கி வைக்க உதவும், ஆனால் பாரத்தை இல்லாமல் செய்யாது. உங்கள் வீட்டில் எப்போதும் சிரிக்க வைப்பவரையும் ஒருதரம் தனியாகக் கூப்பிட்டு, "நித்திரை கொள்ளுறீங்களோ?" என்று கேளுங்கள். நித்திரையின்மை, திடுக்கிடுதல், நெஞ்சுப் படபடப்பு என்பன வாரக்கணக்கில் நீடித்தால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். தீயணைப்புக்கு 110.

அம்மா இப்போது மருத்துவரிடம் போய்வருகிறார். இரவில் ஐந்து மணித்தியாலம் தூங்குகிறார். பை இன்னும் தலைமாட்டில்தான். போன கிழமை அதற்குள் புதிதாக ஒரு தேயிலைப் பைக்கற் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அடுத்தமுறை வந்தால் வெறும் வாயோடை அனுப்பேலாதெல்லே" என்றார்.