தென்பெண்ணையில் ஈயத்தை அளப்பது எப்படி?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். மூங்கில்துறைப்பட்டுக்கு வருகிற தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரு ஓரத்தையும் ஓசூரையும் கடந்து, சாத்தனூர் அணை வழியாக இறங்குகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் டிவியில் காட்டுகிறார்கள். ஈயமோ காட்மியமோ கலந்தால் நிறமும் மாறாது, நாற்றமும் வராது. கொதிக்க வைத்தாலும் போகாது.

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. காட்மியத்துக்கு 0.003தான். இத்தனை சொற்பத்தை எப்படிப் பிடிப்பது?

அரிசிப் பானையில் சிறுவாடு சேர்த்து, பிறகு மொத்தமாக எண்ணுகிற வழிதான். நீரில் தாங்கல் கரைசல் கலந்து மின்முனைகளை இறக்குவார்கள். அதில் ஒன்று, பிஸ்மத் படலம் பூசிய கார்பன் முனை. அதற்கு மைனஸ் 1.2 வோல்ட் கொடுத்து, நீரைக் கலக்கியபடி இரண்டு மூன்று நிமிடம் விட்டால், கரைந்திருந்த ஈயமும் காட்மியமும் எலக்ட்ரானை வாங்கி உலோகமாக முனையில் படியும். பிறகு கலக்குவதை நிறுத்தி மின்னழுத்தத்தை ஏற்றினால், படிந்ததெல்லாம் திரும்பக் கரையும்: முதலில் காட்மியம், அடுத்து ஈயம். ஒவ்வொன்றும் கரையும்போது திரையில் மின்னோட்டக் கோடு மேடு தட்டும். மேடு எங்கே வருகிறது என்பது உலோகத்தைச் சொல்லும். அதன் உயரம் அளவைச் சொல்லும்.

இந்த முறைக்கு வேர், 1922இல் பிராகில் வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத்தை வைத்துச் செய்த ஆய்வு. அதற்காக அவருக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. நச்சை அளக்க இன்னொரு நச்சைக் கையாள வேண்டியிருந்ததே என்ற குறைக்கு, 2000இல் வந்த பிஸ்மத் முனை நல்ல விடை. இப்படி மின்சாரத்தை வைத்து வேதியியல் செய்யும் மின்வேதியியலுக்கென்றே நம் காரைக்குடியில் 1953இல் திறந்த ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் அமைந்தது அது.

ஆற்று நீரில்தான் கவனம் வேண்டும். வண்டலிலும் மட்கிலும் ஒட்டிய ஈயம் முனையில் படியாது. அமிலம் விட்டுச் செரிக்கவைத்த பிறகே மொத்தக் கணக்கு வரும். நீருக்கு நீர் மேட்டின் உயரமும் மாறும். ஆகவே தெரிந்த அளவு ஈயத்தை அதே நீரில் சேர்த்து, மேடு எவ்வளவு உயர்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள்.

கருவி சின்னது, ஆற்றங்கரைக்கே எடுத்துப் போகலாம். ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், நைட்ரிக் அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, அங்கேயே சில சொட்டு அதே அமிலம் விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அறிக்கையில் குறைவாகத்தான் வரும்.