சீனப் போர்முனையில் மலர்ந்த காதல்!
சினிமாவான ஷோலாப்பூர் டாக்டரின் கதை

மும்பையில் இருந்து ரெயில் ஏறி சொந்த ஊருக்குப் போகும் தமிழர்களுக்கு ஷோலாப்பூர் நன்றாகத் தெரியும். போர்வைக்குப் பெயர் போன ஊர். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் அன்னிய நாட்டுப் போர்க்களத்தில் காதலித்து, மணந்து, அங்கேயே உயிரையும் விட்டார். அவர்தான் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ்.

1910-ல் பிறந்த கோட்னிஸ், மும்பை பரேலில் உள்ள ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1937-ல் ஜப்பான் சீனாவின் மீது படை எடுத்தது. காயம் அடைந்தவர்களைக் கவனிக்க டாக்டர்கள் வேண்டும் என்று சீனத் தளபதி சூ டே, நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திரபோஸ். 5 டாக்டர்கள் கொண்ட குழு 1938 செப்டம்பரில் கப்பல் ஏறியது. அதில் கோட்னிசும் ஒருவர்.

தகப்பனார் மரணம்

சீனா போய்ச் சேர்ந்த சில மாதங்களில் ஊரில் தகப்பனார் இறந்து போனதாகச் செய்தி வந்தது. கோட்னிஸ் திரும்பவில்லை. துக்கத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அன்னிய ஊரில் இருந்தபடி அப்படி ஒரு தந்தியைப் பிரித்துப் படித்தவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

சீன மொழியைப் பேசவும் எழுதவும் கற்றார். மலைக்கிராமங்களில் போதிய மருந்தோ கருவியோ இல்லாமல் ஆபரேஷன் செய்தார்.

சமாதி அருகே சந்திப்பு

போர்முனையில் பணியாற்றிய கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன் 1939-ல் இறந்தார். அவருடைய சமாதித் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார், நர்சு குவோ சிங்லான். இந்திய டாக்டர் சீன மொழியில் பேசுவதைக் கேட்டு வியந்தார். பழக்கம் காதல் ஆயிற்று. 1941 நவம்பரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. பெத்யூன் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரிக்கு கோட்னிஸ் தலைவராகவும் ஆனார்.

1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் "யின்ஹுவா". "யின்" என்றால் இந்தியா, "ஹுவா" என்றால் சீனா! ஆனால் குழந்தைக்கு 4 மாதம் நிறையும் முன்பே, டிசம்பர் 9-ந் தேதி, வலிப்பு நோயால் கோட்னிஸ் காலமானார். வயது 32. மற்ற 4 டாக்டர்களும் ஊர் திரும்பினார்கள். அவர் மட்டும் வரவில்லை.

சாந்தாராமின் படம்

இந்தக் கதையை கே.ஏ.அப்பாஸ் புத்தகமாக எழுதினார். அதை வைத்து வி.சாந்தாராம் 1946-ல் "டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி" என்ற இந்திப் படத்தை எடுத்தார். கோட்னிசாக அவரே நடித்தார். சீன மனைவியாக நடித்தவர், அவருடைய நிஜ மனைவி ஜெயஸ்ரீ! இசை வசந்த் தேசாய். படத்தைத் தயாரித்த ராஜ்கமல் ஸ்டூடியோ இருந்ததும் கோட்னிஸ் படித்த அதே பரேலில்தான்.

படத்தின் முடிவில், விதவையான மனைவி குழந்தையுடன் ஷோலாப்பூர் வீட்டுக்கு வந்து சேருகிறாள். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

நிஜத்தில் நடந்தது என்ன?

நிஜத்தில் குவோ சிங்லான் அப்படி வரவில்லை. போர் நடந்த சீனாவிலேயே இருந்து பிள்ளையை வளர்த்தார். தகப்பனைப்போல் டாக்டருக்குப் படித்த அந்தப் பிள்ளையும் 1967-ல், படிப்பு முடியும் தறுவாயில் இறந்து போனான். இரு நாட்டின் பெயரைத் தாங்கிய அந்த ஒரே வாரிசும் போயிற்று.

ஆனாலும் அந்தத் தாய் உறவை விடவில்லை. பிற்காலத்தில் பலமுறை இந்தியா வந்து, கணவரின் குடும்பத்தாரைப் பார்த்துப் போனார். இடையில் 1962-ல் இரு நாடுகளும் போரிட்டன. அரசாங்கங்கள் பகைத்துக் கொண்டாலும் மாமியார் வீட்டுச் சொந்தம் அறுபடவில்லை. 2012-ல், 96-வது வயதில் அவர் மறைந்தார்.

சினிமாவில் மருமகள் ஒரே காட்சியில் வீடு வந்து சேர்ந்தாள். நிஜ மருமகளோ வாழ்நாள் முழுவதும் வந்து கொண்டே இருந்தார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஷோலாப்பூரில் ரெயில் நின்றால் அந்த இருவரையும் ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள்.