கருந்துளையும் பொருள்தாரையும்

வில்லாபுரத்தில் இஷாத் தொழுகை முடிந்து வெளிவந்த வேளையில் மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "ஒளியே தப்ப இயலாத கருந்துளையிலிருந்து பொருள்தாரை பீறிட்டு வருவதாகக் கூறுகிறார்களே, இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும், ஹஜ்ரத்?"

முரணாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண அண்மைக்கால நிகழ்வொன்று துணைபுரியும். 2022 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வுக்கூடத்தினர் புதியதோர் ஒளிப்புள்ளியைக் கண்டனர். லடாக்கின் ஹான்லேயில் உள்ள 'குரோத் இந்தியா' தொலைநோக்கியும், புணேக்கு அருகிலுள்ள மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கியும் அதனை ஆராய்ந்தன. ஏடி2022சிஎம்சி எனப் பெயரிடப்பட்ட அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 850 கோடி ஆண்டுகள் ஆயின. நம் பூமி தோன்றுமுன்பே புறப்பட்ட ஒளி அது!

அங்கு நிகழ்ந்தது என்ன? பெருங்கருந்துளை ஒன்றை ஒரு விண்மீன் மிக நெருங்கிற்று. நிலவின் ஈர்ப்பு பூமியின் இரு பக்கங்களிலும் வேறுபடுவதால் கடலில் ஓதம் எழுகிறது. அத்தகைய வேறுபாடே அங்குப் பன்மடங்காகி, விண்மீனை இழைபோல் நீட்டிக் கிழித்துவிடுகிறது. சிதைந்த பொருளில் ஏறத்தாழப் பாதி விண்வெளியில் சிதறிப்போகும். மறுபாதி திரும்பி விழுந்து, கருந்துளையைச் சுற்றித் தட்டுப்போல் சுழன்று, கடும் வெப்பமுற்று ஒளிரும்.

அத்தட்டின் காந்தப்புலம் சுழற்சியால் முறுக்குண்டு, பொருளின் சிறு பகுதியைச் சுழலச்சின் இரு திசைகளிலும் ஒளியின் வேகத்தையொட்டி வீசியெறிகிறது என்பதே வானவியலார் பெரிதும் ஏற்கும் விளக்கம். இவ்வாறு எழுந்த தாரை நம்மை நோக்கி அமைந்ததால்தான் இத்துணைத் தொலைவிலிருந்தும் பிரகாசமாய்த் தெரிந்தது. விண்மீன் சிதைவுகளில் நூற்றுக்கு ஒன்றளவே இத்தகைய தாரையை எழுப்பும் என மதிப்பிடுகின்றனர்.

ஆகவே, தாரை கருந்துளையின் உள்ளிருந்து வருவதன்று. ஒளியும் மீளாத எல்லை ஒன்றுண்டு. அதனைக் கடந்த எதுவும் திரும்புவதில்லை. தாரையாய்ப் பாய்வதோ, அவ்வெல்லையைத் தொடுமுன்பே திசைதிருப்பப்பட்ட பொருள். எல்லைக்கு உள்ளே செல்லும் விதியை வெளியிலும் பொருத்தியதால் எழுந்ததே அம்மாணவரின் ஐயம்.

ஒரு சட்டம் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என வரையறுத்த பின்னரே தீர்ப்புரைக்க வேண்டும் என ஃபிக்ஹுப் பாடத்தில் நாள்தோறும் கற்பிக்கிறோம். வானநூலைக் கற்கையிலும் அவ்வொழுங்கே நமக்கு வழித்துணையாகிறது.