நெல் காயும் ரோட்டில் கார் வழுக்கினால்

தை மாசம் காரைக்காலிலிருந்து நெடுங்காடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டில் பாதி நெல்லுக்குத்தான். அறுத்த நெல்லைக் காயவைக்கக் களம் போதாது. தார் ரோடு சூடாகவும் சமமாகவும் இருக்கு. ஒரு ஓரமா விரிச்சு, வண்டி ஏறாமல் இருக்கக் கல் வைச்சிருப்பாங்க. குறை சொல்லலை, நம்ம சோறு அங்கிருந்துதான் வருது. ஆனால் சில வருஷம் முன்னாடி அந்த நெல் மேல் என் பழைய கார் அரைவட்டம் அடிச்சு, வாய்க்காலுக்கு ரெண்டடி தள்ளி நின்றது. பின் சீட்டில் அம்மா.

நடந்தது இதுதான். எதிரே பஸ். கல் இல்லாத இடமாப் பார்த்து இடது சக்கரங்களை நெல் மேல் இறக்கினேன். பஸ் கடந்ததும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெடுக்கென ஒடிச்சேன். முன் சக்கரங்கள் தாரைப் பிடிச்சுக்கிட்டன. இடது பின் சக்கரம் மட்டும் இன்னும் நெல் மேல். வண்டியின் வால் இடப்பக்கம் வீசிடுச்சு. பதறிப்போய் பிரேக்கை மிதிச்சேன். பாரமெல்லாம் முன்னால் சாய, பின்பக்கம் இன்னும் லேசாகி, வழுக்கல் கூடியதுதான் மிச்சம்.

ஏபிஎஸ் இருந்த வண்டிதாங்க அது. ஆனால் ஏபிஎஸ்ஸின் வேலை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது. வண்டி சுற்றுதா இல்லையா என்பது அதுக்குத் தெரியாது.

அதைக் கவனிக்கத்தான் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமா ஈஎஸ்சி. சில கம்பெனிகள் ஈஎஸ்பி என்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு ஒரு சென்சார் சொல்லும். வண்டி நிஜமாவே எவ்வளவு வேகமா சுழலுதுன்னு இன்னொன்று சொல்லும். நான் கேட்டதும் வண்டி செய்வதும் ஒத்துப்போகுதான்னு, ஒரு வினாடிக்குப் பல தடவை கணக்குப் பார்க்கும். ஒத்துப்போகலைன்னா ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும், இன்ஜினையும் அடக்கும்.

அந்த ஒரு சக்கரம்தான் விஷயமே. என் வண்டி வலப்பக்கமா சுற்றியபோது இடது முன் சக்கரத்தை மட்டும் பிடிச்சிருந்தால், அந்த இழுப்பு எதிர்ப்பக்கமா வேலை செய்து மூக்கை நேராக்கியிருக்கும். மழைக்காலத்தில் டிராக்டர் உதிர்த்த சேற்றில், வளைவில் திரும்பாமல் முன்பக்கம் நேரா வழுக்கிப் போகுமே, அப்போ உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். எவ்வளவு கைதேர்ந்த டிரைவருக்கும் இது முடியாது. காலுக்குக் கீழே இருப்பது ஒரே பிரேக்.

முதலில் இது பணக்காரச் சமாச்சாரம். 1995-ல் மெர்சிடிஸின் உயர்தரக் காரில் பாஷ் கம்பெனியோடு சேர்ந்து பொருத்தினாங்க. 1997 அக்டோபரில் ஸ்வீடனில், திடீரெனக் குறுக்கே வரும் எல்க் மானைத் தவிர்க்க வண்டியை ஒடிப்பது போன்ற சோதனையில், அதே கம்பெனியின் சின்ன கார் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு சின்ன காருக்கும் அதைக் கொடுத்தாங்க. அங்கே மான், நமக்கு ஆடு. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதுக் கார் எல்லாத்துக்கும் கட்டாயம். இங்கே 2023-ல் வந்த பாரத் என்கேப்பில் மூன்று நட்சத்திரமோ அதுக்கு மேலேயோ வாங்க ஈஎஸ்சி வேணும்.

மந்திரம் இல்லை. டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடியை வைத்துத்தான் அது விளையாடும். நாலு சக்கரமும் சேற்றில் இருந்தாலோ, டயர் வழவழன்னு தேய்ஞ்சிருந்தாலோ, கண்மண் தெரியாத வேகத்தில் போனாலோ அதால் ஒண்ணும் செய்ய முடியாது.

போன வருஷம் மச்சானோடு கார் பார்க்கப் போனேன். ஷோரூம்காரர் சன்ரூஃபைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். ஈஎஸ்சி எந்த வேரியண்டிலிருந்து வருதுன்னு கேட்டால் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் சன்ரூஃப் இல்லாத, ஈஎஸ்சி உள்ளதை எடுத்தோம். மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் மினுக்கினால், அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆக்சிலரேட்டரில் காலைத் தளர்த்துங்க, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைப் பிடிங்க. அதே படத்தோடு ஆஃப் பட்டன் இருக்கும். கடற்கரை மணலில் டயர் புதைஞ்சால் மட்டும் அதை அழுத்தலாம், ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுடுங்க. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் விளக்கு அணையாமல் எரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்க. சக்கர சென்சாரின் ஒயர் அறுந்திருந்தால்கூட மொத்த ஏற்பாடும் நின்றுபோயிருக்கும்.