நடுக்கடலில் எண்ணெய் எடுப்பது எப்படி? 22 உயிரை பறித்த ஒரு குழாய்!

பெட்ரோல் விலை ஏறினால் திட்டுகிறோம். ஆனால் அந்த எண்ணெயில் ஒரு பங்கு, கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் இருந்து வருவது எத்தனை பேருக்குத் தெரியும்? மும்பையில் இருந்து சுமார் 160 கிலோ மீட்டர் தூரத்தில், அரபிக்கடலில் இருக்கிறது 'மும்பை ஹை'. மத்திய அரசின் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் அங்கு எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறது.

ஒரு ரூபாய் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்க. கடலில் கால் ஊன்றி நிற்கும் ஒரு மேடை தெரியும். அதன் பெயர் 'சாகர் சாம்ராட்'. 1974-ம் ஆண்டு மும்பை ஹையில் எண்ணெயைக் கண்டுபிடித்தது இதுதான்.

சத்தம் போட்டு தேடணும்

எண்ணெய் கடலுக்கு அடியில் குளம் மாதிரி தேங்கி நிற்கும் என்று நினைத்தால் தப்பு. தண்ணீரில் ஊறிய செங்கல் போல, பாறையின் பொடித் துளைகளுக்குள் ஊறிக் கிடக்கும். மேலே கெட்டியான பாறை மூடி இருந்தால்தான் அங்கேயே தங்கும்.

இதைத் தேடும் கப்பல், பின்னால் கிலோ மீட்டர் கணக்கில் கேபிளை இழுத்துக்கொண்டு போகும். அழுத்திய காற்றை 'டப் டப்' என்று தண்ணீருக்குள் விடுவார்கள். அந்தச் சத்தம் அடிப்பாறையில் பட்டு எதிரொலிக்கும். அதை கேபிளில் உள்ள கருவிகள் பதிவு செய்யும். மும்பை ஹையில் 1960-களிலேயே சோவியத் ரஷியாவின் கப்பல் இப்படித் தேடியது.

ஆனால் இந்தப் படத்தில் பாறை தெரியுமே தவிர, எண்ணெய் தெரியாது. துளை போட்டுப் பார்த்தால்தான் உண்மை. கடன் வாங்கி போர் போட்டு, தண்ணீர் வராமல் நின்றவர்களுக்கு இந்த வேதனை புரியும். இங்கே போவது கோடிகள்.

அமுக்கிப் பிடிக்கும் சேறு

மும்பை ஹையில் கடல் ஆழம் சுமார் 75 மீட்டர்தான். துளை போடும் ரிக், கால்களைத் தரையில் ஊன்றி, உடம்பை அலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பிறகு குழாய் மேல் குழாய் கோர்த்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே குடைவார்கள்.

கூடவே கெட்டியான சேற்றுக் கலவையை உள்ளே செலுத்துவார்கள். அது சூட்டைத் தணிக்கும், பாறைத் தூளை மேலே கொண்டு வரும். எல்லாத்துக்கும் மேலே, பீறிட்டு வரும் வாயுவை தன் எடையால் அமுக்கி வைக்கும். அந்தப் பிடி விட்டால் போச்சு. கிணற்று வாயில் ராட்சத வால்வு காவல் நிற்கும். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் அதுவும் கைவிட்டது. 11 பேர் பலியானார்கள்.

எண்ணெய் கிடைத்ததும் ரிக் வேறு இடம் போய்விடும். கரையில் செய்த நிரந்தர மேடையைக் கொண்டுவந்து நடுவார்கள். எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றும் கலந்து வருவதை அங்கே பிரித்து, கடலடிக் குழாய் வழியாக உரானுக்கு அனுப்புவார்கள். மேடையையும் கடலடிக் குழாயையும் இணைத்து செங்குத்தாக நிற்கும் குழாய்க்கு 'ரைசர்' என்று பெயர். மேடையின் உயிர்நாடி இதுதான். எமனும் இதுதான்.

விரலில் காயம், மேடையே காலி

2005-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி. மும்பையை பெருமழை மூழ்கடித்த மறுநாள். 'சமுத்ரா சுரக்ஷா' என்ற உதவிக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் வெட்டுப்பட்டது. மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வரவில்லை. சிகிச்சைக்காக கப்பலை எண்ணெய் மேடைக்குப் பக்கத்தில் கொண்டு போனார்கள். கிரேன் மூலம் அவரை மேலே ஏற்றியும் விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அலை தூக்கியது. கப்பலின் ஹெலிகாப்டர் தளம், வாயு நிரம்பிய ரைசரில் இடித்தது. வாயு கசிந்து 'குப்'பென்று தீ. சுமார் 2 மணி நேரத்தில் மேடையே கடலுக்குள் சரிந்தது. 362 பேர் மீட்கப்பட்டனர். 22 பேர் திரும்பவில்லை.

கப்பலில் 6 டைவர்கள் அழுத்த அறைக்குள் இருந்தார்கள். ஆழ்கடல் அழுத்தத்துக்குப் பழகிய உடம்பு. கதவைத் திறந்து ஓடினால் செத்துப் போவார்கள். தீப்பிடித்த கப்பலுக்குள்ளேயே கிடந்த அவர்கள், 36 மணி நேரம் கழித்துத்தான் மீட்கப்பட்டார்கள்.

ரைசருக்கு தடுப்பு இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் அது சின்னக் கப்பல் இடித்தால் தாங்குகிற தடுப்பு. வந்ததோ பெரிய கப்பல்! ஆபத்தான குழாயை வெளியே நிறுத்திவிட்டு, பெரிய கப்பலை பக்கத்தில் விட்டால் வேறென்ன நடக்கும்?

2021 மே மாதம் மறுபடியும் மரண ஓலம். இந்த முறை தீ இல்லை, தவ்தே புயல். மேடை வேலைக்கு வந்த ஆட்கள் தங்கும் 'பி-305' மிதவையில் 261 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். புயல் வருவது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டும் மிதவை கரைக்குத் திரும்பவில்லை. நங்கூரம் அறுந்து அலைக்கழிந்து மூழ்கியது. 70-க்கும் மேற்பட்டோர் பலி. அந்த மிதவைக்கு சொந்தமாக ஓடும் இன்ஜினே கிடையாது.