சிறையிலிருந்து வந்த திருமுகம்



1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். முந்தின நாள் சிறையிலிருந்து தம் சபைத் தந்தையர்க்குக் கடிதம் எழுதினார். மை கிடைக்கவில்லை, கரியைத் தண்ணீரில் குழைத்து எழுதினார் என்பர். அதை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு சிறைக் கடிதமும் நம் நினைவுக்கு வருகிறது: தூய பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம்.

நான்கே அதிகாரங்கள். மகிழ்ச்சியின் திருமுகம் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். அதனாலேயோ என்னவோ, இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கைதியான பவுலுக்கு உதவிப் பொருள் கொண்டுவந்த எப்பப்பிராதித்து, சாகும் அளவுக்கு நோயுற்றார். அவர் இறந்திருந்தால் தமது துயரம் இரட்டிப்பாகியிருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார்.

கடலுக்குப் போன கணவர் இலங்கைச் சிறையில் இருக்க, பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கோயிலுக்கு வந்து அழும் சகோதரிகள் உண்டு. "விசுவாசம் உள்ளவர் அழலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் கேட்டதுண்டு. பவுலிடம் அப்படிக் கேட்க நமக்குத் துணிவு வருமா?

பிலிப்பியரும் செபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அக்காலச் சிறையில் கைதிக்கு வேண்டியதைப் பெரும்பாலும் வெளியிலிருப்பவர்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆகவே ஆளையும் பொருளையும் அனுப்பினார்கள். படகு பிடிபட்ட வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது நம் அன்பியத்தின் வேலைதான். இந்த வாரக் கூட்டத்தில் நான்காம் அதிகாரத்தை வாசிக்கும்போது, அந்த வீடுகளையும் குறித்து வைத்துக்கொள்வோம்.